பழைய கார் வாங்கப் போகிறீர்களா? மறுபக்கத்தைப் பாருங்கள்!

ஆரணியில் பட்டுச் சேலை வாங்குகிறவர் முதலில் என்ன செய்வார்? சேலையைத் திருப்பிப் போடுவார். மறுபக்கத்தைப் பார்ப்பார்.

முன்பக்கம் எல்லாச் சேலையும் அழகாகத்தான் இருக்கும். நூல் அறுந்த இடம், முடிச்சுப் போட்ட இடம், ஜரிகை தொங்கும் இடம் எல்லாம் மறுபக்கத்தில் தெரிந்துவிடும். அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால், ஒரு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டுவார். முடி கருகுகிற வாடை வந்தால் அது பட்டு. வராவிட்டால் அது வேறு ஏதோ நூல்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கண் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. 10 ஆயிரம் ரூபாய்ச் சேலைக்கு இவ்வளவு சோதனை!

ஆனால் ஒன்றரை லட்சம், 2 லட்சம் கொடுத்துப் பழைய கார் வாங்கும்போது, இந்தக் கண்ணை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பெயிண்ட் பளபளப்பாக இருக்கிறது, பாட்டுப் பெட்டி பாடுகிறது, ஏ.சி. குளுகுளு என்று இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். மூன்றாவது மாதம் கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. குடும்பம் கடனில் நிற்கிறது.

பழைய கார் வாங்குவது தவறல்ல. மறுபக்கம் பாராமல் வாங்குவதுதான் தவறு.

கார் எதற்கு?

"நெசவாளிக்குக் கார் எதற்கு?" என்று கேட்ட காலம் போய்விட்டது.

ஆரணியிலிருந்து வேலூர் ஏறத்தாழ 40 கிலோ மீட்டர். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிவைத்த பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. இரவு 2 மணிக்குத் தாத்தாவுக்கு நெஞ்சு வலி வந்தால், ஆம்புலன்ஸ் வரும். ஆனால் மாதந்தோறும் மருந்து வாங்கவும், டாக்டரைப் பார்க்கவும் ஆம்புலன்ஸ் வராது. நடக்க முடியாத முதியவரை பஸ்சில் ஏற்றி இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

ரெயிலும் ஊருக்குள் வரவில்லை. "ஆரணி ரோடு" என்ற பெயரில் இருக்கும் ரெயில் நிலையம் களம்பூரில் இருக்கிறது.

நெய்த சேலையை காஞ்சீபுரத்துக்கு எடுத்துப் போக வேண்டும். மோட்டார் சைக்கிளில் மூட்டை கட்டிப் போனால், வழியில் ஒரு மழை பிடித்தால் போதும். பல நாள் உழைப்பு பாழ்.

ஆகவே ஒரு சிறிய கார் இன்று பல குடும்பங்களுக்கு ஆடம்பரம் அல்ல, உதவிதான். ஆனால் உதவியாக வருகிற பொருள் பாரமாகிவிடக் கூடாது. அதற்கு முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

சுண்டைக்காய் கால் பணம்!

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது பழமொழி. பழைய காருக்கு இது அப்படியே பொருந்தும்.

ஒரு குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்து 2 லட்சம் ரூபாய் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு ரூபாயில் கார் வாங்கலாம்?

2 லட்சத்துக்கு என்று பதில் சொல்லக் கூடாது. ஒன்றரை லட்சத்துக்கு என்பதுதான் சரியான பதில். மீதி 50 ஆயிரத்தைத் தொடக் கூடாது. பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், என்ஜின் ஆயில், பேட்டரி, பிரேக் என்று முதல் 3 மாதத்திலேயே அந்தப் பணத்துக்கு வேலை வந்துவிடும். நான்கு டயர்களையும் மாற்ற வேண்டி வந்தால் அதற்கு மட்டும் 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும்.

இனி மாதச் செலவு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும், கார் லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் ஓடும் என்றும் கொள்வோம். வேலூர் போய்த் திரும்ப 80 கிலோ மீட்டர். பெட்ரோல் செலவு சுமார் 530 ரூபாய். மாதம் 300 கிலோ மீட்டர் ஓடினால் பெட்ரோலுக்கு 2 ஆயிரம் ரூபாய். இன்ஷூரன்சுக்கும் பழுது பார்ப்பதற்கும் மாதந்தோறும் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு எடுத்து வைக்க வேண்டும். ஆக, கார் வீட்டு வாசலில் நின்றால் மாதம் மூவாயிரத்து ஐநூறு ரூபாய் தனியே தேவை.

இந்தப் பணம் எல்லா மாதமும் வருமா? இதுதான் நெசவாளர் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி.

தீபாவளிக்கும் முகூர்த்த மாதங்களுக்கும் சேலை ஓடும். ஆடியிலும் மார்கழியிலும் வியாபாரம் மந்தம். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறும்; சில நாள் நெசவு நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். காரின் கடன் தவணை மட்டும் நிற்காது.

ஆகவே கடன் வாங்கித்தான் தீர வேண்டும் என்றால், நல்ல மாதத்து வருமானத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. மந்தமான மாதத்து வருமானத்தை வைத்துத் தவணையை முடிவு செய்ய வேண்டும். பழைய காருக்குப் பாங்கிகள் கேட்கும் வட்டி, புதுக் கார் வட்டியைவிடப் பொதுவாக அதிகம். கந்து வட்டிக்காரரிடம் போகவே கூடாது. அந்தக் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருக்கிறது. இருந்தும், காருக்காக அந்தக் குழியில் போய் விழுவது அறிவீனம்.

மாதத்துக்கு ஒரு நாள் மட்டும் கார் தேவைப்படும் குடும்பம், வாடகைக் கார் வைத்துக்கொள்வதே லாபம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தறியை விற்றுக் கார் வாங்கினால், அந்தக் காரில் ஏறி எங்கே போவது?

பழசு என்றால் கேவலமா?

சிலர், பழைய கார் வாங்கினால் நாலு பேர் ஏளனம் செய்வார்கள் என்று நினைக்கிறார்கள். அதனால் சக்திக்கு மீறிப் புதுக் கார் வாங்கிவிடுகிறார்கள். இது வீண் எண்ணம்.

நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்களின் கார்க் கனவு 1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி பிறந்தது. அன்றுதான் முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி டெல்லியில் கொடுத்தார். அதற்கு முன் அம்பாசிடரும் பியட்டும்தான் பெரும்பாலும் ரோட்டில் ஓடின. பணம் கட்டிவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தவர்கள் அநேகம். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றது. ஆனால் அந்தக் கார்கள் இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறி எத்தனையோ குடும்பங்களின் முதல் காராக விளங்கின.

புதுக் காரின் விலை முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாகச் சரிகிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கார் மதிப்பைக் கணக்கிடும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். ஓர் ஆண்டு முடிவதற்குள் 15 சதவீதம் கழித்துவிடுகிறார்கள். மூன்றாவது ஆண்டில் 30 சதவீதம் கழிக்கிறார்கள். ஐந்தாவது ஆண்டில் பாதி மதிப்புத்தான்.

அந்த நஷ்டம் முதல் சொந்தக்காரருடையது. இரண்டாவதாக வாங்குகிறவர் அந்த நஷ்டத்திலிருந்து தப்புகிறார். கார் நல்ல காராக இருந்தால் இது புத்திசாலித்தனமான வியாபாரம்தான்.

ஒரு விஷயம். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதுக் கார் விலை இறங்கியது. பழைய கார் விற்கிறவர் அதற்கு முந்திய விலையையே சொன்னால் ஏமாறக் கூடாது. அதே கார் புதிதாக என்ன விலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பேரம் பேச வேண்டும்.

எந்தக் கார் நல்லது?

ஊரில் எந்தக் கார் அதிகமாக ஓடுகிறதோ, எதன் உதிரிப் பாகம் எல்லாக் கடையிலும் கிடைக்கிறதோ, எதைப் பழுது பார்க்க எல்லா மெக்கானிக்குக்கும் தெரியுமோ, அதுதான் குறைந்த பணக்காரருக்கு நல்ல கார்.

ஆல்டோ, வேகன்-ஆர், ஸ்விப்ட், சான்ட்ரோ, ஐ-10 போன்ற கார்கள் இந்த வரிசையில் வருகின்றன. சான்ட்ரோவும் ஐ-10-ம் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் செய்தவை.

பெரிய கம்பெனியின் பெரிய கார், 12 வயது ஆனது, ஆல்டோ விலைக்கே கிடைக்கிறது என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அந்தக் கார் வாங்கும்போதுதான் ஆல்டோ விலை. ஒரு விளக்கு உடைந்தால் அப்போது பெரிய கார் விலை! யானையை இனாமாகக் கொடுத்தாலும் தீனி யார் போடுவது?

உயிர்ப் பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. டிரைவருக்குக் காற்றுப் பை (ஏர்பேக்) இருக்க வேண்டும் என்ற விதி 2019 ஜூலையில் எல்லாப் புதுக் கார்களுக்கும் வந்தது. பக்கத்தில் உட்காருகிறவருக்கும் காற்றுப் பை என்பது 2022-ஆம் ஆண்டு தொடக்கம் முதல் கட்டாயம் ஆயிற்று. அதற்கு முந்திய கார்களில், பெரும்பாலும் விலை கூடிய வகைகளில்தான் இவை இருந்தன. ஆகவே இரண்டு கார் ஒரே விலை என்றால், பாட்டுப் பெட்டி உள்ளதை விட்டுவிட்டுக் காற்றுப் பை உள்ளதை வாங்குங்கள். பின் சீட்டு பெல்ட்டுகள் வேலை செய்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அங்கேதான் குழந்தைகள் உட்காரப் போகிறார்கள்.

காரைத் திருப்பிப் பார்ப்பது எப்படி?

சேலையைப் போலக் காரைத் திருப்பிப் போட முடியாது. ஆனால் அதன் மறுபக்கத்தைப் பார்க்க வழி இருக்கிறது.

பகல் வெளிச்சத்தில்தான் கார் பார்க்க வேண்டும். மாலை மங்கலிலும், மழை நனைத்த நேரத்திலும் எல்லாக் காரும் புதுசு போல மின்னும்.

காலையில், என்ஜின் ஆறிப்போய் இருக்கும்போது போக வேண்டும். "வருவீர்கள் என்று ஸ்டார்ட் செய்து வைத்தேன்" என்று சொன்னால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நோயுள்ள என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் முரண்டு பிடிக்கும்.

ஸ்டார்ட் செய்ததும் புகையைப் பாருங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே மோர் போல வெள்ளையாகப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். பெரிய செலவு காத்திருக்கிறது.

மீட்டரை நம்பிவிடக் கூடாது. ஓடிய கிலோ மீட்டரைக் குறைத்துக் காட்ட ஆட்கள் இருக்கிறார்கள். மீட்டர் 40 ஆயிரம் காட்டுகிறது. ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழ என்று இருக்கிறது, ஸ்டியரிங்கின் தோல் உரிந்திருக்கிறது, டிரைவர் சீட்டு பள்ளமாகி இருக்கிறது என்றால், மீட்டர் பொய் சொல்கிறது. சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கித் தேதியையும் கிலோ மீட்டரையும் ஒப்பிட வேண்டும்.

டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் அச்சாகி இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும், ஆறு ஏழு வயதுக்கு மேலான டயர் வெயிலில் வெடிக்கக் கூடும். அதன் விலையைக் கார் விலையில் கழிக்கச் சொல்ல வேண்டும்.

கதவுகளுக்கு இடையே உள்ள சந்து நான்கு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா? ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டில் வைத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் ஒட்டாமல் வழுக்கினால், அங்கே தகட்டின் மேல் பட்டி பூசியிருக்கலாம். கார் எங்கோ மோதியிருக்கிறது. பம்பர்கள் பிளாஸ்டிக், அங்கே காந்தம் எந்தக் காரிலும் ஒட்டாது.

பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். தெருமுனை வரை போய்த் திரும்பினால் போதாது. 10 கிலோ மீட்டராவது ஓட்டுங்கள். பிரேக் போட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? மேட்டில் ஏறும்போது என்ஜின் அலறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. குழியில் இறங்கும்போது கடகட என்று சத்தம் வருகிறதா? பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைக் கூட அழைத்துப் போக வேண்டும். அவர் தரகர் கொண்டுவந்த ஆளாக இருக்கக் கூடாது. அவருக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள். கார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தக் கூலி உண்டு என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் "இந்த வண்டி வேண்டாம்" என்று அவர் தைரியமாகச் சொல்வார். அந்த ஒரு சொல் 50 ஆயிரம் ரூபாய் பெறும்.

இன்னொரு விஷயத்தையும் அவரிடம் கேட்க வேண்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். 2023 ஏப்ரல் முதல் வந்த கார்கள் இதற்கேற்பச் செய்யப்பட்டவை. அதற்கு முந்திய கார்களில் பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்கள் கெட்டிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்வது நல்லது.

வெள்ளத்தில் மூழ்கிய கார்

2015 டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் "மிச்சாங்" புயல் வந்தபோதும் தெருக்களில் கார்கள் மூழ்கின. இப்படி மூழ்கிய கார்கள் ஏலத்துக்கு வருவதும், கழுவித் துடைத்து மறுபடி விற்பனைக்கு வருவதும் உண்டு. வெளியூர்களுக்கு வரும்போது அவற்றின் கதை யாருக்கும் தெரியாது.

தண்ணீர் புகுந்த காரின் மின்சாரக் கம்பிகள் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். இன்று ஹாரன் அடிக்காது. நாளை விளக்கு எரியாது. நடுவழியில் என்ஜின் நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். பாதியில் கறைக் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மாற்றுச் சக்கரம் வைத்திருக்கும் பள்ளத்தில் விரலை விட்டுப் பாருங்கள். வண்டல் மண் ஒட்டினால் அந்தக் கார் வேண்டாம். காருக்குள் அளவுக்கு மீறி வாசனைத் தைலம் அடித்திருந்தால், எந்த நாற்றத்தை மறைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

காகிதம் பேசும்

கார் எவ்வளவு நன்றாக இருந்தாலும், காகிதம் சரியாக இல்லை என்றால் அது வெறும் இரும்பு.

முதலில் ஆர்.சி. என்னும் பதிவுச் சான்று. அதில் உள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும், காரில் பொறித்த எண்களும் ஓர் எழுத்துக் கூட மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். விற்கிறவர்தான் சொந்தக்காரரா என்றும் பார்க்க வேண்டும்.

மத்திய அரசின் "எம்-பரிவாகன்" என்ற செயலியில் கார் எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, இன்ஷூரன்ஸ் முடியும் நாள் முதலிய விவரங்களைப் பார்க்கலாம். கட்டாத போலீஸ் அபராதம் இருக்கிறதா என்பதையும் அரசு இணையத் தளத்தில் அறியலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

பாங்கிக் கடன் பாக்கி இருந்தால் ஆர்.சி.யில் அது பதிவாகியிருக்கும். கடனைக் கட்டிவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. ஆட்சேபனை இல்லை என்ற பாங்கிக் கடிதமும், 35-ஆம் எண் படிவமும் கையில் வர வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் கடன் கொடுத்த கம்பெனி ஆட்கள் வந்து காரை எடுத்துப் போவார்கள்.

காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு சோதனைக்குக் காட்டி 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5 ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. 20 வயது கடந்த கார்களுக்கு 2025-இல் இன்னும் உயர்ந்தது. பசுமை வரியும் உண்டு. 14 வயதுக் கார் மலிவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுச்சேரி எண் போட்ட கார்கள் நம் பக்கம் அதிகமாக விலைக்கு வருகின்றன. விலையும் குறைவாக இருக்கும். ஆனால் அங்கிருந்து ஆட்சேபனை இல்லாச் சான்று வாங்க வேண்டும். தமிழ்நாட்டு வரியையும் கட்ட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு மறைந்து போகலாம்.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஒரு நாள் கூட ரோட்டில் ஓட்டக் கூடாது. பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான கட்டாய இன்ஷூரன்ஸ், 1000 சி.சி.க்கு உட்பட்ட சிறிய காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய் என்று 2022 ஜூனில் நிர்ணயித்தார்கள். வரி தனி. இந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கப் போய் வீட்டையே இழக்கும் நிலை வரலாம்.

சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பு

பலர் செய்கிற பெரிய தவறு ஒன்று உண்டு. பணம் கொடுத்தாகிவிட்டது, சாவி வாங்கியாகிவிட்டது, பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதுதான் அது.

இது எவ்வளவு ஆபத்து என்பதை ஒரு வழக்கு காட்டுகிறது.

வட இந்தியாவில் ஒருவர் தமது காரை 2007-ஆம் ஆண்டில் விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அவர் வேறொருவருக்கு விற்றார். இப்படிக் கார் பல கை மாறியது. ஆனால் யாரும் ஆர்.சி.யில் பெயரை மாற்றவில்லை.

2009 மே மாதம் அந்தக் கார் பின்பக்கமாக வந்து, தெருவில் நடந்து போன இருவர் மீது மோதியது. ஒருவர் இறந்துபோனார்.

நஷ்ட ஈடு யார் கொடுப்பது? வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2018 பிப்ரவரி 6-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர். அவரே பொறுப்பு என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

காரை விற்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்குப் பிறகு, எங்கோ, யாரோ ஓட்டிய காருக்கு, முதலில் விற்றவர் பொறுப்பானார்!

இது விற்கிறவருக்கு மட்டும் பாடம் அல்ல. வாங்குகிறவருக்கும் பாடம். பெயர் மாறாத கார், சட்டத்தின் கண்ணில் வாங்கியவருடையது அல்ல. விபத்தில் கார் நொறுங்கினால் இன்ஷூரன்ஸ் பணம் வாங்குவது பெரும்பாடு. பழைய சொந்தக்காரர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். காரை மறுபடி விற்கவும் முடியாது.

மோட்டார் வாகனச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு 29-ஆம் எண் படிவம் 2 பிரதியும், 30-ஆம் எண் படிவமும் வேண்டும். இன்ஷூரன்சையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும்.

ஆகவே படிவங்களில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே முழுப் பணமும் கைமாற வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் கூடாது, போடுவதும் கூடாது. பணத்தைப் பாங்கி வழியாகக் கொடுத்தால் அத்தாட்சி இருக்கும். ஒரு சிறு தொகையை மட்டும், பெயர் மாறிய பிறகு தருவதாக எழுதி வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

தரகர் மூலம் வாங்கினால் இன்னொன்று கேட்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வியாபாரம் செய்கிறவர்கள் வட்டாரப் போக்குவரத்து அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று விதி வந்துவிட்டது. "அங்கீகாரச் சான்று இருக்கிறதா?" என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை.

அரசாங்கம் செய்ய வேண்டியது

எல்லாப் பொறுப்பையும் ஏழை மக்கள் தலையிலேயே வைத்துவிடுவது நியாயம் அல்ல.

தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரை இருக்கிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பை விழுங்குகிற பழைய காரின் தரத்துக்கு மட்டும் எந்த அரசாங்க முத்திரையும் இல்லை. 15 வயது ஆகும் வரை சொந்தக் காருக்கு அரசின் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை.

அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் தொழில் கற்றுத் தருகிறார்கள். ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கருவிகள் இருக்கின்றன. விடுமுறை நாட்களில் அங்கே சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய கார்களைச் சோதித்து, குறைகளை எழுதிக் கொடுத்தால் என்ன? வாங்குகிறவர் ஏமாற மாட்டார். நேர்மையாக விற்கிறவருக்கு நல்ல விலை கிடைக்கும். மாணவர்களுக்கும் பயிற்சி ஆகும். அரசாங்கம் இதை யோசிக்க வேண்டும்.

பெயர் மாற்றப் படிவங்களை எளிய தமிழில் அச்சிட்டு, அவற்றை நிரப்ப உதவும் ஆளை ஒவ்வொரு ஆர்.டி.ஓ. ஆபீசிலும் வைக்க வேண்டும். எழுதத் தெரியாததால்தான் பலர் தரகரிடம் போகிறார்கள். நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளிப் போடுவதற்கும் அதுவே காரணம்.

அவசரம் வேண்டாம்

"இன்றைக்கே அட்வான்ஸ் கொடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு ஆள் வாங்கிவிடுவார்" என்று சொல்வது பழைய தந்திரம். வாங்கிப் போகட்டும்! தமிழ்நாட்டில் பழைய கார்களுக்குப் பஞ்சம் இல்லை. உழைத்துச் சேர்த்த பணத்துக்குத்தான் பஞ்சம்.

மூன்று கார்களையாவது பார்க்காமல் ஒன்றை வாங்கக் கூடாது. வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போக வேண்டும். சீட்டு எடுத்தும் சிக்கனம் பிடித்தும் அந்தப் பணத்தைச் சேர்த்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. வாங்குவதா வேண்டாமா என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

பாவு பூட்டி, இழை இழையாகக் கோத்து, பல நாள் குனிந்து நெய்தால்தான் ஒரு பட்டுச் சேலை தறியை விட்டு இறங்குகிறது. அப்படிச் சேர்த்த பணம் அது. ஒரு மணி நேரப் பளபளப்பில் அது போய்விடக் கூடாது.

காரைப் பாருங்கள். காகிதத்தைப் பாருங்கள். மந்தமான மாதத்தின் வருமானத்தைப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். பெயரை உடனே மாற்றுங்கள். அந்தப் பழைய கார் பல ஆண்டு குடும்பத்துக்கு உழைக்கும்.